உம் கொட்டுதல்

பெட்டிகள் மூன்றுதான் இருந்தன. ஏற்பு, மறுப்பு, இரைச்சல். காதில் விழும் ஒவ்வொரு ஒலியையும் அந்த மூன்றில் ஒன்றில் போட வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன்பு மாகாண மொழித்துறையில், ஒலிக்குறிப்பாளராக, என் வேலை அதுதான்.

வார்த்தைகளை இயந்திரமே பார்த்துக்கொண்டது. வார்த்தைகளுக்கு நடுவே மனிதர்கள் சிந்தும் சில்லறைச் சத்தங்கள் மட்டும் எங்களிடம் வந்தன. நாற்காலி நகர்வது இரைச்சல். மின்விசிறி இரைச்சல். ‘ம்ஹூம்’ மறுப்பு. ‘ச்சு’ கொட்டுவது சில நேரம் சலிப்பு, சில நேரம் இரக்கம். இரண்டுக்கும் பெட்டி இல்லாததால் அதையும் இரைச்சலில் போட்டேன். போடும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எனக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒருவருடைய குரல். எங்கள் கீழைக்கரை மாகாணத்தின் முதல்வர் தையல்நாயகி. பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு அரசியலுக்கு வந்தவர். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட அவரை டீச்சர் என்றுதான் சொல்வார்கள். திங்கள்கிழமைதோறும் மனு வாங்கும் நாளிலும், வந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டனுப்பும் மற்ற நாட்களிலும் அவர் மக்களோடு பேசிய பதிவுகள், ஏறக்குறைய நாலாயிரம் மணி நேரம், என் காதுக்குள் போயின. அவர் பேசியது என்று சொல்வதும் சரியில்லை. வந்தவர்கள் பேசினார்கள். அவர் ‘ம்’ என்றார்.

பட்டா கிடைக்காதவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு ‘ம்’. கடலுக்குப் போன மகன் திரும்பாத கதையைச் சொல்கிறவள் முந்தானையைத் தேடும் இடத்தில் ஒரு ‘ம்’. அது இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் நாலு வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார்கள். போனில் எதிர்முனை உம் கொட்டவில்லையென்றால் பேச்சை நிறுத்திவிட்டு ‘லைன்ல இருக்கியா?’ என்று கேட்போம்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. தனியாக இருந்தேன். என் பேச்சுக்கு உம் கொட்ட வீட்டில் ஆள் இல்லை. யாரோ ஒருத்திக்காக டீச்சர் என்றைக்கோ கொட்டிய ‘ம்’மை, ஹெட்போனுக்குள் உட்கார்ந்து எனக்கென்று எடுத்துக்கொண்ட மத்தியானங்கள் உண்டு. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ‘ம்’மை எந்தப் பெட்டியில் போடுவது என்று பிரிவுத் தலைவரிடம் கேட்டேன். வார்த்தை இல்லையென்றால் இரைச்சல் என்றார். டீச்சர் காதுகொடுத்துக் கேட்பதை இரைச்சல் என்று எப்படிக் குறிப்பது என்றேன். “அப்ப ஏற்புல போடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

போட்டேன். அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம் ‘ம்’.

அந்தக் குறிப்புகளிலிருந்துதான் டீச்சரின் பிரதியை, அவரைப் போலவே கேட்டுப் பேசும் இயந்திரத்தை, செய்தார்கள்.

*

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல்வரின் செயலாளர் நைனா முகமது என்னைக் கூப்பிட்டனுப்பினார். கடலுக்குப் பயந்து தலைநகரம் தஞ்சாவூருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகியும் முதல்வர் அலுவலகத்தில் புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. டீச்சர் மேசையில் கூட்டாட்சியின் அரசிதழ் விரித்தபடி கிடந்தது. இத்தனை வருடம் அவர் குரலோடு இருந்தும், ஆறடி தூரத்தில் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. குரலைவிடச் சின்ன உருவமாக இருந்தார்.

அரசிதழில் இருந்தது விடுகரைப் பட்டியல். ஏறி வரும் கடலை மதில் கட்டி, இரவும் பகலும் நீரை இறைத்துத் தடுக்கும் கரைகள் காப்புக்கரை. இனித் தடுப்பதில்லை என்று விட்டுவிடும் கரைகள் விடுகரை. எது எது என்பதைப் பதினோரு மாகாணங்களும் சேர்ந்து கூட்டவையில் முடிவு செய்ய வேண்டும். எங்கள் மாகாணத்தின் பெயரில் ஒரே ஒரு வரி இருந்தது. வேதாரண்யத்தைச் சுற்றி முப்பத்தொரு கிலோமீட்டர். உப்பளங்கள், ஐம்பத்தெட்டாயிரம் பேர். பதினெட்டு மாதத்தில் இறைப்பு நிற்கும். கடைசியில், ‘மாகாணத்தின் ஒப்புதலுடன்’.

“நான் எப்பம்மா இதுக்குச் சரின்னேன்?” என்று டீச்சர் என்னைக் கேட்டார். அவருக்குக் கோபமில்லை. கணக்கு எந்த இடத்தில் தப்பாகப் போனது என்று மாணவியைத் தேடச் சொல்கிற குரல்தான்.

நைனா சார் பதிவைப் போட்டார். வடசமவெளி மாகாணத்தின் பிரதி, சுத்தமான தமிழில், தலைப்புகள் பிரித்து விளக்கியது. இரும்பு போதாது, மின்சாரம் போதாது, எல்லாக் கரையையும் காக்க முடியாது, பெரிய ஊர்களைக் காக்க வேண்டுமென்றால் சின்னக் கரைகளை விட வேண்டும். ஒன்பது நிமிடம். நடுநடுவே டீச்சரின் குரலில் ‘ம்’. எண்ணினேன், ஆறு. பிறகு மௌனம். அந்த மௌனம் இரண்டு விநாடி நீடித்தது. மணிச்சத்தம் போல ஒன்று கேட்டது. பதிவாகிவிட்டது.

“கடைசில பேசாம இருக்கேனே. ஏன் பேசாம இருக்கேன்?”

எனக்குத் தெரிந்திருந்தது. அவரைவிட எனக்குத்தான் தெரியும். “நீங்க அப்படித்தான் டீச்சர். கெட்ட சேதி யாராவது சொன்னா அன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. மறுநாள் கூப்பிட்டு அனுப்பித்தான் பதில் சொல்வீங்க. அதுவும் அப்படியே கத்துக்கிட்டிருக்கு.”

“கூட்டவைக்கு ஏது மறுநாள்?” என்றார் நைனா சார். “ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் அமர்வு. ரெண்டு விநாடி பொறுத்துப் பாக்கும். ஆட்சேபம் வரலைன்னா மூடிடும்.”

நான் அதன் நடைமுறையைக் கேட்டேன். என் வேலை எங்கே போய்ச் சேர்ந்தது என்று அன்றுவரை நான் சரியாகக் கேட்டுக்கொண்டதில்லை. அவர் சொன்னார். முன்பெல்லாம் பதினோரு முதல்வர்களும் நேரில் உட்காருவார்கள். ஒரு நதி, ஒரு ரயில்பாதை, எதையும் பதினாறு வருடத்தில் முடிக்க முடியவில்லை. மேற்குமலை எல்லையில் சோதனைச் சாவடியைக் கொளுத்தி நாற்பது பேர் செத்த பிறகு, ஒவ்வொரு முதல்வரின் குரலும் குணமும் பதித்த பிரதிகள் பேசட்டும் என்று சட்டம் வந்தது. அவை களைக்காது, கோபித்து எழுந்து போகாது. பிரதியின் சொல் முதல்வரின் சொல். தகராறான விஷயங்கள் மட்டும் அன்றன்றைக்கு முதல்வரின் மேசைக்கு வரும். ஒப்புதலானவை மாதக் கடைசியில் இணைப்பாக வரும்.

“பிரதிநிதின்னு இருந்தோம் மங்கைம்மா. நிதியை அவங்க புடுங்கிக்கிட்டாங்க. பிரதிதான் நம்ம பங்கு” என்றார். டீச்சர் சிரித்தார். பல முறை கேட்ட நகைச்சுவைக்குச் சிரிக்கிற மாதிரி.

“‘ம்’முன்னா சரின்னு நினைச்சிருக்குதே, அதை யாரு அப்படி நினைக்கச் சொன்னது?” என்று டீச்சர் கேட்டார்.

“நான்தான் டீச்சர்” என்றேன்.

மூன்று பெட்டிகளைப் பற்றிச் சொன்னேன். இரைச்சல் என்று போட மனம் வராததைச் சொன்னேன். சொல்லும்போது அவர் ‘ம்’ என்று கேட்டுக்கொண்டார். அது என்னைத் தொடர்ந்து பேச வைத்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். ஒன்றைத் தவிர.

“உனக்கு எந்த ஊரு?” என்று அதையே கேட்டார்.

“வேதாரண்யம் டீச்சர். அக்கா அங்கதான் இருக்கு. உப்பளத்துல.”

‘ம்’ என்றார். பிறகு நைனா சாரைப் பார்த்து, ஆட்சேபம் எழுதச் சொன்னார். சட்டப்படி முப்பது நாள் இருந்தது.

*

சாட்சியம் திரட்டுவது என் பொறுப்பு. ‘ம்’ என்பது ஒப்புதல் அல்ல, கேட்டுக்கொண்டிருப்பதற்கான ஒலி என்று நிரூபிக்க வேண்டும். பழைய பதிவுகளைத் திரும்பத் திறந்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் அதே மின்விசிறி, அதே குரல்.

அந்த நாட்களில் சௌந்தரம் அக்கா தினமும் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தாள். வாரச் சம்பளத்துக்கு உப்பு வாருகிறவள். அவளுக்கு உலகத்தில் எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. அதிகாரிகள் வந்து வீட்டுச் சுவரில் நீலப் பெயின்டால் எண் எழுதிவிட்டுப் போனதை அரை மணி நேரம் சொன்னாள்.

“நூத்தி நாப்பத்தேழுன்னு எழுதிருக்கான்டி. ஏழு அழிஞ்சு ஒண்ணு மாதிரி இருக்கு. நூத்தி நாப்பத்தொண்ணு செல்லம்மா வீடு. நாளைக்கு அவளை ஏத்த வர்ற வண்டில என்னை ஏத்திட்டுப் போயிடப் போறான். அவ வாய்க்கு நான் எங்க போயி ஈடு குடுக்கிறது?”

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “உங்க டீச்சர் சரின்னுட்டாங்களாமே. இங்க எல்லாரும் சொல்றாங்க. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்க. ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்.”

டீச்சர் சரி என்று சொல்லவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படியானால் யார் சொன்னது என்று கேட்பாள். ‘ம்’ என்றேன்.

பதிவுகளில் ‘ம்’மை வகை பிரித்தேன். ஊக்கும் ‘ம்’ உண்டு, மேலே சொல் என்பது போல. சந்தேக ‘ம்’ மூக்கில் கொஞ்சம் ஏறும். குழந்தைகளுக்கு மட்டும் ஒன்று வைத்திருந்தார். இரட்டை ‘ம்ம்’ என்றால் எதிரில் இருப்பவர் பொய் சொல்வது அவருக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வகை தேறின. உண்மையான சம்மதத்துக்கு அவர் ‘ம்’ சொல்வதே இல்லை, ‘செஞ்சிடுவோம்’ என்பார். இது பலமான சாட்சி என்று நைனா சார் சந்தோஷப்பட்டார். கெட்ட செய்திக்குப் பிந்திய மௌனத்துக்கும் ஆதாரம் வேண்டும் என்றார். மறுநாள் கூப்பிட்டுப் பதில் சொன்ன பதிவுகளை ஒரு நூறாவது எடுத்துத் தரச் சொன்னார்.

சுலபமான வேலை என்று நினைத்தேன். அப்படிப்பட்ட ஆயிரத்து நானூறு மனுக்கள் இருந்தன. மறுநாட்களைத் தேடினேன். பிறகு மறுவாரம், மறுமாதம்.

பதினேழு கிடைத்தன.

மற்ற இடங்களில் மௌனத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வந்தவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார். நாற்காலி நகர்கிறது. அடுத்தவர் வருகிறார். டீச்சர் மறுநாள் கூப்பிடுவார் என்பது எல்லோரும் சொல்கிற விஷயம், நானும் நம்பிய விஷயம். நாலாயிரம் மணி நேரம் கேட்டவள், நான் கேட்டது அதைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் எதையும் தப்பாகக் கற்றுக்கொள்ளவில்லை. ‘ம்’ வரும், மௌனம் வரும், பிறகு எதுவும் வராது. அதற்குத் தெரிந்தது அது. எனக்குத்தான் தெரியவில்லை.

*

விசாரணை முப்பதாவது நாள் காலை பதினொன்றுக்கு. பகல் பன்னிரண்டோடு ஆட்சேபக் காலம் முடிகிறது. பத்தரைக்கு டீச்சர் என்னைத் தன் அறையிலேயே உட்காரச் சொன்னார். பேச்சுக்கு நடுவே பழக்கத்தில் ‘ம்’ வந்துவிடக் கூடாதென்று வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருந்தார். யோசனை நைனா சாருடையது.

பதினேழு என்ற எண்ணை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவரே கேட்டார். கிராம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எத்தனை கிடைத்தது என்றார்.

சொன்னேன்.

“அவ்வளவு இருக்கா?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. “மறுநாள் கூப்பிட்டு என்னத்தச் சொல்றது மங்கை? பட்டா குடுக்கற நிலம் பாதி கூட்டாட்சிக்குப் போயிடுச்சு. கடல்ல போனவனைத் தேடற கப்பல் அவங்ககிட்ட. எழுதிப் போடுவேன். பதில் வராது. வந்தவங்க முகத்தைப் பாத்து முடியாதுன்னு சொல்ல வாய் வராது. கேக்கவாவது செஞ்சேன். நிறையப் பேருக்கு அதுவே போதுமாத்தான் இருந்துச்சு. இல்லன்னா மறுபடி மறுபடி வருவாங்களா?”

எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. அந்த மத்தியானங்களில் எனக்கும் அதுவே போதுமாகத்தான் இருந்தது.

“நேத்து நைனா ஒரு பட்டியல் கொண்டாந்தாரு” என்றார். “பாத்தியா?”

பார்க்கவில்லை என்றேன். அவர் கிராம்பைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டார்.

*

நடுவர் பெயர் பரூவா. வடகிழக்கு மலை மாகாணத்துக்காரர், அறுபது வயதிருக்கும். திரையில் தெரிந்தார். அவர் பேசப் பேச, தமிழ் ஒரு மூச்சு பின்னால் வந்தது. இது மனிதர் நடத்தும் விசாரணை என்பதால் இரண்டு விநாடிக் கணக்கு கிடையாது என்று முதலிலேயே சொன்னார்.

என் பன்னிரண்டு வகைகளையும் பொறுமையாகக் கேட்டார். இரட்டை ‘ம்ம்’முக்குப் புன்னகை செய்தார். முடிந்ததும், தங்கள் பக்கத்திலும் இப்படி ஓர் ஒலி உண்டு, தன் அம்மா சமையல்கட்டிலிருந்தே அதைக் கொட்டுவார் என்றார். “எங்கள் ஒலிக்குறிப்பாளர் அதை இரைச்சலில் போட்டார்” என்றது தமிழ்க் குரல். “எங்கள் பிரதி யாருடைய பேச்சையும் கேட்பதாகத் தெரிவதில்லை. மற்றப் பிரதிகள் அதனிடம் பேசுவதை நிறுத்திவிட்டன. ஆறு வருடத்தில் எங்களுக்கு ஒரு உடன்பாடும் இல்லை. ஒரு பாலம்கூட இல்லை.”

டீச்சரின் பிரதி கதையே வேறு என்றார். எல்லாப் பிரதிகளும் முதலில் அதனிடம்தான் வந்தன. பேசினால் கேட்கிற ஒரே பிரதி அது. அது கேட்டு முடித்தால் மற்றவையும் இறங்கி வந்தன. கூட்டாட்சி இன்று நிற்பதே அந்தக் குரலின் மேல்தான் என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “உங்கள் சாட்சியம் என்னை நம்ப வைக்கிறது. ‘ம்’ ஒப்புதல் அல்ல என்று நான் தீர்ப்பு எழுத முடியும். ஆனால் ஓர் ஒலிக்கு ஒரு நாளில் ஓர் அர்த்தம், இன்னொரு நாளில் இன்னோர் அர்த்தம் என்று என்னால் எழுத முடியாது. ஒப்புதல் அல்லவென்றால் எப்போதுமே அல்ல. உங்கள் பிரதி ‘ம்’ மட்டும் சொல்லி முடிந்த உடன்பாடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அத்தனையும் இன்றே விழும்.”

நேற்று வந்த பட்டியல் இதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. நைனா சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் எல்லாவற்றையும் படிக்கவில்லை. சிலதைப் படித்தார். மேற்குமலையிலிருந்து இறங்கும் ஆற்று நீர், எங்கள் மாகாணத்தில் ஒன்றே முக்கால் கோடிப் பேர் குடிப்பது. எந்த மாகாணத்து நோயாளிக்கும் எந்த மாகாணத்து ஆஸ்பத்திரியும் கதவு திறக்கும் உடன்பாடு. எல்லைச் சோதனைச் சாவடிகளை எடுத்தது. அந்த நாற்பது சாவுக்குப் பிறகு இரண்டு பக்கமும் துப்பாக்கியைக் கீழே வைத்தது. எங்களுடைய ‘ம்’மைப் பார்த்துவிட்டு மற்ற மாகாணங்கள் தங்களுக்குள் செய்துகொண்டவை இன்னும் நானூறு. அவையும் ஆடும்.

“இது தெரிந்த பிறகும் ஆட்சேபத்தைத் தொடர்கிறீர்களா? ஒரு கரைக்காக எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். தொடங்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தொடரவில்லை என்றால், அந்தக் கரை போகும்.”

கடைசி வாக்கியம் தமிழில் வந்து முடிந்தபோது, டீச்சர் ‘ம்’ என்றார்.

கிராம்பு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. கடித்து விழுங்கியிருக்க வேண்டும்.

நடுவர் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். டீச்சர் மேசை விளிம்பில் இருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா சார் மெதுவாக “டீச்சர்” என்றார். அவர் நிமிரவில்லை. ஐம்பத்தெட்டாயிரம் பேரைக் கடலுக்கு விடுகிறேன் என்று அந்த வாய் சொல்லாது. ஒன்றே முக்கால் கோடிப் பேரின் தண்ணீரை நிறுத்துகிறேன் என்றும் சொல்லாது. அந்த வாயை எனக்குத் தெரியும்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு நடுவர் என் பக்கம் திரும்பினார். “முதல்வர் பதிலளித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியாது. மாகாணத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஒலிக்குறிப்பாளர் நீங்கள். வகைப்படுத்துங்கள். ஏற்பு என்றால் கரை போகும், மறுப்பு என்றால் ஆட்சேபம் தொடரும்.”

என் முன்னால் இருந்த திரையில் மூன்று பெட்டிகள் வந்தன. ஆறு வருடத்தில் எழுத்துருவைக்கூட மாற்றியிருக்கவில்லை. ஏற்பு, மறுப்பு, இரைச்சல்.

மறுநாள் சொல்லலாமா என்று கேட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. நடுவர் வருத்தமாகத் தலையசைத்தார். நேரம் முடிந்தாலும் அது ஏற்புதான் என்றார்.

டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது எளிதாகியிருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன். ஒருவேளை, நான் வேதாரண்யத்துக்காரி என்பதால் மறுப்பில் போடுவேன் என்று நினைத்திருக்கலாம். அல்லது அவரை நாலாயிரம் மணி நேரம் கேட்டவள் என்பதால் ஏற்பில் போடுவேன் என்று நினைத்திருக்கலாம். இரண்டில் எதை நினைத்திருந்தாலும், அது தன் கையை விட்டுப் போனதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. தோள் இறங்கியதில் தெரிந்தது. தன் வாழ்நாளெல்லாம் மேலே எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர். இன்று கீழே எழுதிப் போட்டுவிட்டார்.

அந்த ‘ம்’ என் பன்னிரண்டில் இல்லை. ஆனால் அதை எனக்குத் தெரியும். ஆயிரத்து நானூறு தடவை கேட்டிருக்கிறேன், வகையென்று எழுதத்தான் தோன்றவில்லை. என் கையில் ஒன்றுமில்லை, ஆனால் நீ சொன்னது காதில் விழுந்தது என்கிற ‘ம்’. அதற்குப் பெட்டி இல்லை.

பெட்டி இல்லாததை இரைச்சலில் போட வேண்டும் என்பது விதி. போட்டால், முதல்வர் பேசவே இல்லை என்றாகும். ஆட்சேபம் நேரம் முடிந்து தானாக மூடும். யாரும் முடிவு செய்ததாக ஆகாது. என் விரல் அந்தப் பெட்டி வரைக்கும் போனது. அங்கே நின்றது. ஆறு வருடத்துக்கு முன் ஏன் முடியவில்லையோ அதே காரணத்துக்காக இன்றும் முடியவில்லை.

ஒன்றே முக்கால் கோடிப் பேரின் தண்ணீரை நிறுத்த மறுப்புப் பக்கமும் அது நகரவில்லை. ஏற்பில் போட்டேன். முன்பு போட்டபோது என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

மணிச்சத்தம் கேட்டது. நடுவர் எங்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னார். டீச்சர் எழுந்து, என் நாற்காலியைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் என் தோளில் கை வைத்தார். கிராம்பு வாசனை அடித்தது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

*

வழக்கம்போல சாப்பாட்டு நேரத்துக்கு அக்காவின் போன் வந்தது. மொழித்துறைப் படிக்கட்டில் உட்கார்ந்து எடுத்தேன். பின்னால் காற்றுச் சத்தம். அளத்திலிருந்து பேசினாள்.

பாத்தி கட்டியாயிற்று, இந்த வருடம் வெயில் நன்றாக இருப்பதால் உப்பு நாலு நாளில் பூத்துவிடும் என்றாள். எண் அழிந்ததை அவளே நீலப் பெயின்ட் வாங்கித் திருத்தி எழுதிவிட்டாளாம். செல்லம்மா அதற்கும் சண்டைக்கு வந்தாளாம். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

“சரி, அதை விடு. டீச்சர்ட்ட கேக்கறேன்னியே. கேட்டியா?”

“சொன்னேன்க்கா. எல்லாத்தையும் டீச்சர் கேட்டாங்க.”

“கேட்டுட்டு?”

காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுமை கிடையாது. ஆனால் அன்றைக்கு அக்கா, இரண்டு விநாடியைத் தாண்டி, வெகுநேரம் காத்திருந்தாள்.

“மங்கை. லைன்ல இருக்கியாடி?”

‘ம்’ என்றேன்.